மேட்டில் பிடிக்கும் கை

பேய்க்கு எடை பார்க்கத் தெரியும் என்பது பேரம் என்பவனுக்கு அன்று மாலைதான் புரிந்தது.

எலக்ட்ரிக் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் நல்ல பிள்ளையாகத்தான் கிளம்பியது. முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டியது. இரண்டாவதை நெருங்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். முகப்புத் திரை கண்ணை மூடியது. பின்னாலிருந்து யாரோ கை நீட்டிப் பிடித்து இழுத்தது போல வண்டி நின்றது. அவன் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். சாலை காலி. காய்ந்த இலை ஒன்று மட்டும் ஊர்ந்து வந்து சக்கரத்தில் முட்டி நின்றது.

"அக்கா," என்றான், குரல் கொஞ்சம் இளைத்து. "இங்கேயே பிடிச்சிடுச்சு."

சுங்கத்தக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காற்று வாங்க வந்தவர் மாதிரி மேடேறி வந்தார். துறைமுகத்துச் சுங்க இலாகாவில் பாதி ஆயுளைப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதிலேயே கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைத் திறந்து பார்க்கிறார். பூட்டு வேறு, வேலை அதேதான்.

அவருடைய உதவியாளன் கடைத்தெருவில் பிறந்து கல்லாப் பெட்டியடியில் தவழ்ந்தவன். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் "ரெண்டாப் பிடுங்கினா என்ன குறைப்பீங்க?" என்று டாக்டரிடம் கேட்டவன். அன்றிலிருந்து அவனுக்குப் பேரம் என்றே பெயர். பெற்றவர்களுக்கே பழைய பெயர் மறந்துபோயிற்று.

"வண்டிக்குச் சொந்தக்காரி, அந்த மருந்துக்கடைப் பொண்ணு, தனியா வந்தப்போ?" என்று கேட்டார் அக்கா.

"நிக்கவே இல்லை. விறுவிறுன்னு ஏறிடுச்சு."

"மகளைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு வந்தப்போ?"

பேரம் மேலே கை காட்டினான். இன்னும் சற்று உயரத்தில், மேடு செங்குத்தாகும் இடத்தில், ஜன்னல்களுக்குப் பலகை அடித்த பழைய மாடி வீடு ஒன்று இருட்டத் தொடங்கும் வானத்தை முதுகில் சாய்த்துக்கொண்டு நின்றது. "அந்த வீட்டு மதிலோரம். கேட் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. தினமும் சாயங்காலம் அங்கேதான். கொஞ்ச நேரம் கழிச்சு, போ போன்னு விட்ட மாதிரி அதுவே கிளம்பிடுதாம்."

"உன்னை ஏன் இவ்வளவு கீழேயே பிடிச்சது?"

"எனக்கு எலும்பு கனம், அக்கா."

"ஆமாமா. சாப்பாட்டு நேரத்துல அந்த எலும்பு அசையறதைப் பார்த்திருக்கேன்." அக்கா சிரிக்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா தனியா வந்தா விடுது. மகளோட வந்தா பிடிக்குது. அதுவும் அந்த வீட்டுக்கிட்ட. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னு ஆசைப்படுற பேய்."

பேரம் வண்டியை விட்டு இறங்கி நின்றான். சற்று முன் அதே மதிலோரம் வண்டி நின்றபோது, பின்சீட்டுச் சிறுமி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னது அவன் காதிலேயே இருந்தது.

"அப்பா வாசனை வருதும்மா."

அவளுடைய அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

* * *

மறுநாள் காலை அந்த மருந்துக்கடைப் பெண்ணின் வீட்டில், அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். வெளிர் நீலச் சட்டை ஒன்று தனியாகத் தொங்கியது. காலரில் குத்திய குண்டூசிகூட எடுக்கப்படவில்லை.

"இந்தச் சட்டைக்காகத்தான் மேடம் போனார்."

அவள் கணவன் பேட்டரி வேலைக்காரன். அவளுடைய அண்ணனின் உதிரிபாகக் கடைக்குப் பேட்டரி கட்டித் தருவான். அண்ணன் புதுக் கிடங்கு திறந்த அன்று, மாப்பிள்ளைக்கென்று இந்தச் சட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். முன்னறையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் உள்ளே குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"திடீர்னு சத்தம். 'சட்டையை மாத்து'ன்னு அண்ணன் கத்துறார். 'மாத்த மாட்டேன், என்னால முடியாது'ன்னு இவர் கத்துறார். நான் சீப்போட ஓடி வந்து பார்க்குறதுக்குள்ள வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். வண்டி மட்டும் கால்வாய்க் கரையில கிடைச்சுது." அவள் பீரோவைச் சாத்தினாள். "ஒரு மனுஷன் சட்டை மாத்தச் சொன்னதுக்காகச் செத்துப்போவானா மேடம்? இதையே தினமும் யோசிக்கிறேன். பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

"கோபக்காரன்மா அவன்," என்றார் அண்ணன், சோபாவிலிருந்து. கைக்குட்டை அவர் கையில் தயாராக இருந்தது. கண்தான் இன்னும் தயாராகவில்லை என்று பேரம் கவனித்தான்.

துப்பறிய வரவழைத்தவர் இந்த அண்ணன்தான். தங்கையையும் மருமகளையும் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட நினைக்கிறார். அதற்கு முன்னால், கணவன் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் மனுவில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வக்கீல் வருகிறார். ஆனால் வண்டி அந்த மேட்டில் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து, பேனாவைத் தொட மாட்டேன் என்று அவள் அடம்பிடிக்கிறாள்.

"அவர்தான் நிறுத்துறார் மேடம். அது எனக்குத் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கையெழுத்துப் போட்டா அவரை நானே கொன்ன மாதிரி. போடலைன்னா, இந்தப் புள்ளையை தினமும் பேய்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டுற மாதிரி. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் யாரு? அவர் பொண்டாட்டியா, இல்லை அவர் போனப்புறம் மிச்சமா?"

அக்கா அவள் தோளில் கையை வைத்து எடுத்துக்கொண்டார்.

வாசல் வரை வழியனுப்ப வந்த அண்ணன் அக்காவின் காதருகே குனிந்தார். "பேயாவது ஒண்ணாவது. சமீபத்துலதான் பேட்டரியில தேஞ்ச செல்லை எல்லாம் மாத்தியிருக்கா. அதுல எங்கேயோ கோளாறு. சரிபண்ணி ஓட்டிக் காட்டுங்க. நிக்காம ஏறிடுச்சுன்னா அவளே கையெழுத்துப் போட்டுடுவா. அப்புறம், அந்த செல்லைப் பட்டையோட சேர்த்து யார் பத்தவெச்சாங்க, கை யாருதுன்னு மட்டும் விசாரிச்சு என்கிட்ட தனியாச் சொல்லிடுங்க."

தெருவில் இறங்கியதும் பேரம் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, எங்க கடைத்தெருவுல ஒரு கணக்கு உண்டு. பொருள் கெட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வர்றவன் பொருளை மாத்தித் தான்னு கேட்பான். பொட்டலம் கட்டின பையன் யாருன்னு கேட்க மாட்டான்."

"கேட்டா?"

"அவனுக்கு வேண்டியது பொருள் இல்லை. பையன்."

அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தார். சம்பளம் கொடுத்தது வீண்போகவில்லை என்பதற்கு அவர் முகத்தில் வேறு அடையாளம் கிடையாது.

* * *

மேட்டின் அடிவாரத்தில் இருந்தது பேட்டரிக் கடை. கடைக்காரர் கழுத்தில் மாலை போல ஒரு மின்சார மீட்டர் தொங்கியது. மீட்டர்காரர் என்றால்தான் தெருவில் தெரியும்.

பேரம் சுமந்து வந்த பேட்டரிப் பெட்டியை மேஜையில் வைத்தான். மூடி மேல் வெள்ளி நட்சத்திர ஸ்டிக்கர்கள் தாறுமாறாக ஒட்டியிருந்தன. சிறுமியின் கைவேலை.

"நான் மாத்தினதுதான்," என்றார் மீட்டர்காரர். "தேஞ்சதெல்லாம் எடுத்துட்டு நல்ல செல் போட்டேன். குறை சொல்லவே முடியாது."

"குறை சொல்ல வரலை. குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கேன்," என்றான் பேரம். "திறங்க அண்ணாச்சி."

மூடி கழன்றது. உள்ளே பெருவிரல் பருமனில் செல்கள், நீல உடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாக நின்றன. தலைக்கு மேல் நிக்கல் பட்டைகள், பட்டையில் பற்றவைத்த புள்ளிகள். ஊசியால் குத்தியது போல அத்தனை நேராக.

"வண்டி ஏன் மேட்டுல நிக்குது?" என்றார் அக்கா.

"கயிறு இழுக்குற போட்டி மாதிரிம்மா. எல்லா வரிசையும் சேர்ந்து இழுக்கணும். ஒரு வரிசைக்கு மூச்சு வாங்கிடுச்சுன்னா, இதோ இந்தக் காவல் பலகை, எல்லாரையும் நிறுத்துடான்னு கரண்டை வெட்டிடும். சமதரையில தெரியாது. மேட்டுல பாரம் ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தா மறுபடி எழுந்துக்கும்."

அவர் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை ஒவ்வொரு வரிசையாக மாட்டி மீட்டரைத் தொட்டார். முள் அசையாமல் நின்றது. அடுத்தது, அதுவும் நின்றது. கடைசி வரிசையில் பல்பு எரிந்த மாத்திரத்தில் முள் கிணற்றில் விழுந்த வாளியாகக் கீழே போயிற்று. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மேட்டில் பிடிக்கும் கை இதுதான். பார்க்க ஒரு சாண்கூட இல்லை.

"இருக்க முடியாதே," என்றார் மீட்டர்காரர். "சட்டையைப் பாருங்க, புதுசா பளபளன்னு இருக்கு."

"எதைப் பார்க்கணும்?" என்றார் அக்கா. குரல் திடீரென்று மெல்லிசாகியிருந்தது.

"சட்டைம்மா. செல்லைச் சுத்தி ஒட்டியிருக்கே, இந்த பிளாஸ்டிக் தோல். தொழில்ல நாங்க சட்டைன்னுதான் சொல்லுவோம்."

பேரத்தின் வாயில் தயாராக இருந்த வேடிக்கை அங்கேயே செத்தது. குண்டூசி எடுக்காத வெளிர் நீலக் காலர் அவன் கண்ணுக்கு முன்னால் தொங்கியது.

"அந்தச் சட்டையை மாத்துறதும் உண்டா?" என்று கேட்டார் அக்கா.

மீட்டர்காரர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "திருட்டு வியாபாரத்துல உண்டு. செத்த செல்லைக் குப்பை விலைக்கு வாங்கி, புதுச் சட்டை போட்டு, புதுசுன்னு வித்துடுவாங்க. பார்த்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பாரம் ஏத்தினா சூடாகும், சில சமயம் எரியும். போன வருஷம் ஒரு டெலிவரிப் பையன் வண்டி நடுரோட்டுல எரிஞ்சுதே? பையன் பிழைச்சான். கால் போச்சு."

அக்கா பிளேடை வாங்கி, சோர்ந்த வரிசையில் ஒரு செல்லின் சட்டையை மேலிருந்து கீழாகக் கீறினார். நீலம் விலகியது. உள்ளே துரு. தலையில் பட்டைக்கு அடியில் ஏற்கெனவே யாரோ எப்போதோ பற்றவைத்துப் பிய்த்த தழும்பு. சட்டை புதுசு. காயம் பழசு.

"அண்ணன்காரர் மாத்தச் சொன்னது இதைத்தான்," என்றான் பேரம் மெதுவாக. "பாவம் அக்கா அந்தப் பொண்ணு. துணிச்சட்டைன்னு நினைச்சு ஒரு வருஷமா பீரோவைத் திறந்து திறந்து மூடுது."

"நினைக்கட்டும்னு அவரும் விட்டிருக்கார். சட்டை வாங்கிட்டு வந்த அன்னிக்கே சண்டை வந்தது அவருக்கு அதிர்ஷ்டம்." அக்கா செல்லை விரலிடுக்கில் உருட்டினார். "ஆனா இது எப்படி அந்தப் பொண்ணோட பேட்டரிக்குள்ள வந்தது?"

"நான் போடலைம்மா! சத்தியமா!"

"அவர் ஏமாத்தலை அக்கா," என்றான் பேரம். "கலப்படம் பண்றவன் மூட்டை முழுக்கக் கலப்பான், மேலாப்புல மட்டும் நல்லதைப் பரப்புவான். இது தலைகீழா இருக்கு. எல்லாமே நல்லது, ஒரே ஒரு வரிசை சொத்தை. வேணும்னே வெச்சது. வெச்சவன் ஏமாத்த வைக்கலை, எடுத்துப் பாருங்கடான்னு வெச்சிருக்கான்."

அப்போதுதான் மீட்டர்காரர் திருகாணியை எடுக்கக் கையை நீட்டினார். விரல்கள் கிடுகிடுவென்று நடுங்கின. திருகாணி அகப்படவில்லை. மேஜை முழுக்க அதைத் துரத்தினார். பேரம் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு ஊசியால் குத்தியது போல நேராக நின்ற புள்ளிகளைப் பார்த்தான். பிறகு, கடைத்தெருவில் பழகிய குரலில் குழைந்தான்.

"சரி அண்ணாச்சி, ஆனது ஆச்சு. இந்த ஒரு வரிசையை மாத்திக் கொடுத்துடுங்க. இப்பவே. நின்னு வாங்கிட்டுப் போறோம்."

"இப்பவேவா? ஆகாதுப்பா."

"பக்கத்துக் கடைக்காரர் பேசிக்கிட்டே முடிச்சுடுவாராம்."

"அவனுக்கென்ன, கடையிலேயே பத்தவைப்பான். எனக்கு மேல போயில்ல திரும்பி வரணும்!"

சொன்னவர் வாயை மூடிக்கொண்டார். மூடித்தான் என்ன? கடைக்கு மேலே மாடி கிடையாது. மேலே போக இருந்தது ஒரே ஒரு சாலை.

"பூட்டின வீட்டுச் சாவி உங்ககிட்டத்தான் இருக்கு, இல்லையா?" என்றார் அக்கா.

மீட்டர்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வீட்டுக்காரங்க வெளிநாட்டுல இருக்காங்க. பார்த்துக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு நாள் பின்வாசல்ல ஒருத்தன் ஈரத்தோட நடுங்கிக்கிட்டு நின்னான். முகத்தை மூடிக்கிட்டு, வேலை தெரியும்னான். என் கை இப்படி ஆயிடுச்சு, எனக்கும் கை வேண்டியிருந்தது. பேரைக் கேட்கலைம்மா. கேட்டா அவன் சொல்லியாகணும். சொன்னா நான் மறைச்சாகணும். எதுக்கு வம்பு?"

அக்கா கடைக்கு வெளியே போய்த் தொலைபேசியில் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தபோது சட்டை கிழிந்த செல்லைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"பேரம், ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அண்ணன் நம்மளைப் பேயை விரட்டக் கூப்பிடலை. இப்படி எடை பார்த்து வண்டியை நிறுத்தத் தெரிஞ்ச கை ஒண்ணுதான்னு அவருக்குத் தெரியும். செத்தவன் செத்தானான்னு பார்த்துட்டு வான்னு நம்மளை அனுப்பியிருக்கார். வேட்டை நாய்க்குக் கூலி கொடுக்கிற மாதிரி."

"இது தெரிஞ்சிருந்தா முன்பணம் கூடக் கேட்டிருப்பேனே அக்கா!" என்றான் பேரம். ஆனால் பேட்டரியை அவசரமாக மூடிக் கையில் எடுத்துக்கொண்டான்.

* * *

பின்வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. கீலுக்கு யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள்.

உள்ளே பகலிலேயே இருட்டு. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் கூடத்தில் ஆட்கள் மாதிரி குந்தியிருந்தன. மீட்டர்காரர் முன்னால், அக்கா நடுவில். பேரம் கடைசியில், பேட்டரியைக் கேடயமாக மார்போடு அணைத்துக்கொண்டு. மாடிப்படி ஏற ஏற ஒரு வாசனை. ஈயம் பற்றவைக்கும் கருகல், அதோடு கொஞ்சம் சாம்பிராணிப் பிசின் மாதிரி.

அப்பா வாசனை.

மாடி அறையில் ஒரு மேஜை, பற்றவைக்கும் மெஷின், தரையில் பாய். ஜன்னல் பலகைகளெல்லாம் வெயிலும் மழையும் தின்று சாம்பல் நிறத்தில் கிடந்தன. மதில் பக்கத்து ஜன்னலில் மட்டும் ஒரு பலகை சமீபத்தில் பெயர்க்கப்பட்டிருந்தது. ஆணி இருந்த இடத்தில் மரம் மஞ்சளாகத் தெரிந்தது. அந்தச் சந்தில் கண்ணை வைத்த பேரம் மூச்சை அடக்கினான். தினமும் சாயங்காலம் வண்டி நிற்கும் இடம் நேர் கீழே இருந்தது. நின்றிருக்கும் பெண்ணின் முகம் தெரியும். பின்சீட்டுச் சிறுமியின் இரட்டைப் பின்னல்கூடத் தெரியும்.

பக்கத்திலேயே கேட்டைப் பார்த்த ஜன்னல். அதிலும் ஒரு பலகை எப்போதோ பெயர்க்கப்பட்டு, பிறகு அந்தச் சந்து பயன்படாமல் விடப்பட்டிருந்தது.

"முதல்ல கேட்டுக்கு நேரா நிக்கும்னு கணக்குப் போட்டிருக்கார்," என்று முணுமுணுத்தார் அக்கா. "கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு."

இருட்டு மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பேசியே நாளான குரல், துருப்பிடித்த தாழ்ப்பாள் போல.

"பாப்பா கனமாயிட்டா, இல்லையா?"

பேரத்தின் கையிலிருந்த பேட்டரி ஒரு கணம் நழுவப் பார்த்தது. மூலையில் நின்ற மனிதனுக்குத் தாடி மார்பு வரை இருந்தது. கண்கள் நட்சத்திர ஸ்டிக்கர்களின் மேலேயே இருந்தன.

"போன வருஷத்து எடையை வெச்சுத்தான் செல்லைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்," என்றான். "வளர்ந்திருப்பான்னு தோணவே இல்லை. எனக்கு அவ அன்னிக்கு இருந்த மாதிரியே இருந்துட்டா."

பேரம் பேட்டரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். 

பிறகு அந்தத் தாடிக்காரன் உடைந்து உடைந்து சொன்னான். மைத்துனர் கொடுத்த செல்லை நம்பி இவன்தான் அந்த டெலிவரி வண்டிக்குப் பேட்டரி கட்டினான். எரிந்த பிறகுதான் சட்டைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்தது. இனி சட்டை மாற்ற மாட்டேன், போலீசுக்குப் போவேன் என்றான். "பத்தவெச்ச கை உன்னுது, ஜெயில் உனக்கு," என்றார் அவர். அதற்கும் இவன் மசியவில்லை. கால்வாய்க் கரையில் மைத்துனரின் ஆட்கள் மடக்கினார்கள். தண்ணீரில் விழுந்தவன் அக்கரையில் எழுந்தான்.

"செத்துட்டேன்னு அவர் நம்புற வரைக்கும் அவளையும் பாப்பாவையும் அவர் ஒண்ணும் பண்ண மாட்டார். தங்கச்சி, மருமக. அதனால செத்தே இருந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் மீட்டர்காரர் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வெச்சார். ஸ்டிக்கரைப் பார்த்தேன்." அவன் கையை விரித்தான். "அன்னிக்குக் கிடங்குல இருந்து சாட்சிக்குன்னு ஒரு பிடி செல் எடுத்து வெச்சிருந்தேன். அதைப் போட்டேன். தினமும் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன்."

அக்கா பேட்டரியை மேஜையில் வைக்கச் சொன்னார்.

"அந்த வரிசையை எடுத்துட்டு நல்ல செல் போடுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"சாட்சி எனக்கு வேணும். துறைமுகத்துல என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க இன்னிக்குச் சாயங்காலம் உங்க மச்சான் கிடங்குப் பெட்டிகளைத் திறக்கப் போறாங்க. போலீசும் கூட வருது. இதே சட்டை, இதே தழும்பு அங்கேயும் இருக்கும். பத்தவெச்ச கை யாருதுன்னு அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க, சட்டை போட்டவன் யாருன்னுதான் கேட்பாங்க. ஆனா நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும், இல்லை கிழிக்கணும். அதை இந்த செத்த செல் முடிவு பண்ணக் கூடாது. அவளை நீங்க நிறுத்தினது போதும் தம்பி."

அவன் நட்சத்திர மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு உட்கார்ந்தான். நிக்கல் பட்டையை இடுக்கியால் உரித்தான். செத்த செல்களை ஒவ்வொன்றாக எடுத்து அக்காவின் கைக்குட்டையில் வைத்தான். மீட்டர்காரர் நல்ல செல்களை நீட்ட, ஒவ்வொன்றையும் மீட்டரில் தொட்டு, சமமானதை மட்டும் பொறுக்கி, வரிசையில் நிறுத்தினான். பட்டையை விரித்தான். மெஷின் "டிக்" என்றது. புகை எழுந்தது. "டிக்." கடைசிப் புள்ளிக்கு முன்னால் கை நின்றது. அந்த ஒரு புள்ளியோடு அவனுடைய சாயங்காலங்கள் முடிந்துபோகும்.

"டிக்."

கோணல் இல்லாத புள்ளி.

* * *

பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தவன் பேரம்தான். அக்கா ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அவனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மேலே ஒரு சொல் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பு.

"செல்லெல்லாம் மாத்தியாச்சும்மா. இனிமே மேட்டுல தானா நிக்காது," என்றவன், அண்ணன் உள்ளே போனில் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு, அந்த வாக்கியத்தைச் சொன்னான். "பேட்டரித் தொழில்ல சட்டைன்னா, செல்லு மேல ஒட்டுற பிளாஸ்டிக்குக்குப் பேர்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஓ" என்றாள். உள்ளே போய்விட்டாள். பீரோ திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெயில் சாய்ந்தது. மாடி அறையில் நான்கு பேரும் ஜன்னலோரம் நின்றார்கள். தாடிக்காரன் பலகைச் சந்தில் முகத்தைப் பதித்திருந்தான். அக்காவின் தொலைபேசி அதிர்ந்தது. திரையில் அண்ணன். அக்கா பார்த்தார், எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"கிடங்கைத் திறந்துட்டாங்க போல," என்றான் பேரம். "இந்த மனுஷனுக்கு இப்பதான் நிஜமாவே பேய் பிடிச்சிருக்கு."

கீழே வண்டிச் சத்தம். முதல் விளக்குக் கம்பம். இரண்டாவது. முனகல் இல்லை. பேட்டரி திடமாக இழுத்தது. தாய் முன்னால், மகள் பின்னால், மேடு செங்குத்தாகும் இடத்தில்கூட வேகம் குறையவில்லை. மதிலோரம் வந்தது. தினமும் நிற்கும் இடத்தை வண்டி தாண்டியது.

தாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா..." என்றான் பேரம்.

கேட்டுக்கு நேரே, தாடிக்காரனின் போன வருஷத்துக் கணக்குப்படி நிற்க வேண்டிய அதே இடத்தில், வண்டி நின்றது. அவள் காலை ஊன்றினாள். பிரேக்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மறு கையால் முன்பையிலிருந்து வெளிர் நீலச் சட்டையை உருவி, பலகை அடித்த ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடித்தாள். காலரில் குண்டூசி இல்லை.

பேரம் கழுத்தை நீட்டி வண்டியின் முகப்பைப் பார்த்தான். திரை பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.